பள்ளத்து மேட்டு மண்ணும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மஞ்சள் குங்குமத்தோடு எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உற்றார் உறவினர் கையில் கொடுக்க அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி மாமா என்னிடம் சொன்னார். நான் மைசூரில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மனு எழுதியே பழகிய கை இது. குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கௌதள்ளியில். எங்கள் அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, பெண்ணோடு என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்களாம். மாமாவின் பூமி அதே கௌதள்ளியில் ஊருக்கு வெளியே இருந்த சரளைக்காடு. மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது மாமா தன் பங்கை விற்றுவிட்டு, மைசூர் சீமையில் சாமராஜநகருக்குப் பக்கம் நிலம் பார்த்தார். சுவர்ணாவதி ஆற்றில் போய்ச் சேரும் ஒரு பள்ளத்தின் கரையில் அந்த நிலம் இருந்தது. ஓடையைத்தான் நாங்கள் பள்ளம் என்போம். ஓடும் தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பாய் விரித்தாற்போல் சமமான மேடு. எந்தக் காலத்திலோ பள்ளம் அந்த உயரத்தில் ஓடி வண்டலைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. இப்போது எந்த வெள்ளமும் அங்கே ஏறுவதில்லை.

வாங்கும் முன் பெரியவர்கள் வழக்கப்படி குழி பார்த்தார்கள். முழ ஆழம் வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டார்கள். குழி நிரம்பி ஒரு கூடை மண் மிஞ்சியது. மண் மிஞ்சினால் குடி பெருகும் என்பது நம்பிக்கை. எல்லோரும் மிஞ்சிய குவியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். குழிக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அடியில் என்ன இருக்கிறதென்று மேலும் தோண்டவும் இல்லை.

அந்தத் தவறில் பெரிய பங்கு என்னுடையது. அப்போது நான் மைசூரில் படித்துக்கொண்டிருந்தேன். நாலு எழுத்து தெரிந்த திமிர் போதாதா? மண் பழுப்பாக இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறது, காவேரிக் கரை மாதிரியே இருக்கிறது, நெல் போடுங்கள் மாமா என்று அடித்துச் சொன்னேன். மாமாவுக்கும் அதில்தான் ஆசை. விருந்து நாளில் மட்டும் சோறும் மற்ற நாளெல்லாம் களியும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். சொந்த வயல் நெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்றால் கௌதள்ளிப் பங்காளிகள் மூக்கில் விரல் வைப்பார்கள் என்று மாமா கணக்குப் போட்டார்.

பள்ளத்தை மேலே மறித்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, வரப்பு கட்டி நடவு நட்டார்கள். மாலையில் முழங்கால் ஆழம் நின்ற தண்ணீர் விடிந்தால் இருக்காது. பக்கத்து நிலத்துச் சித்தம்மா, "அக்கா, இல்லி நீரு நில்லல்ல," என்று கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் நிற்காது என்று அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. சேறு போதவில்லை, இன்னும் மிதியுங்கள் என்று நான் மைசூரிலிருந்து கடிதம் எழுதினேன். அக்காவும் மாமாவும் மிதித்தார்கள். முதல் வருஷம் பதர். இரண்டாம் வருஷம் வைக்கோல்கூடச் சரியாக இல்லை.

மாமாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. அந்தச் சமயத்தில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து, மண்ணைப் பிசைந்து உருட்டிப் பார்த்து, கல் இல்லாத மண், அறுத்தால் அச்சு மாதிரி நிற்கும் என்று சொல்லி நிலத்தை விலைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டுக் கௌதள்ளிக்கே போய்த் தன் அண்ணன் காட்டில் வேலை செய்வதென்று மாமா முடிவு செய்தார். அக்காவோ, அண்ணன் வாசலில் போய் நிற்பதைவிட இங்கேயே பட்டினி கிடக்கலாம் என்றார். அவர் மாமாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏனுங்க, ரெண்டு வெள்ளாமை உங்க தம்பி பேச்சைக் கேட்டீங்க. ஒரே ஒரு வெள்ளாமைக்கு எம் பேச்சைக் கேளுங்க. அதுவும் ஆகலீன்னா நானே மூட்டை கட்டறேன்."

என்னை 'உங்க தம்பி' என்று சொன்னதிலேயே என்மேல் இருந்த கோபம் தெரிந்தது. லீவுக்கு வந்திருந்த எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய குழி இருந்த இடத்திலேயே தோண்டினார். என்னையும் இறக்கிவிட்டார். இடுப்புக்கு மேல் ஆழம் வரை ஒரே பழுப்பு மண், ஒரு கல் கிடையாது. அதற்குக் கீழே மணல். அதற்கும் கீழே ஆற்றில் கிடப்பது போன்ற வழவழப்பான கூழாங்கல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அக்கா கொண்டையை அவிழ்த்து முடிவதற்குள் தண்ணீர் மாயமாகிவிட்டது. பிறகு குழியின் பாதி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிடித்தார். கொழுக்கட்டை போல உருண்டது, கட்டைவிரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அது நல்ல கோடைக்காலம். அப்படியும் மண் குளிர்ந்திருந்தது.

"பாத்தியா தம்பி, தண்ணி நிக்காது. ஈரம் நிக்கும். இது நெல்லுக்கு ஆகாத பூமி, வேர் விடறதுக்கெல்லாம் ஆகும்," என்றார்.

வரப்பையெல்லாம் தட்டிவிட்டு, சித்தம்மாவிடம் குச்சி வாங்கி மல்பெரி நட்டார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வாயைத் திறக்கும் யோக்யதை இல்லாததால் குச்சி ஊன்றினேன். அது வேர் ஓடிய வேகத்தை இன்றும் நினைத்து ஆச்சரியப்படுகிறேன். அடைமழையில் வேர் அழுகவில்லை, வெயிலில் இலை வாடவில்லை. பட்டுப்புழு வளர்த்து, சந்திரிகை என்னும் மூங்கில் தட்டியில் கூடு கட்டவிட்ட முதல் தடவை மாமா சாப்பாட்டுக்குக்கூட வராமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சூளைக்காரர் மறுபடி வந்தபோது, "அம்மிணியைக் கேட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அந்த மண் அக்காவை ஒரு நாளும் ஏமாற்றவில்லை. மஞ்சள், வாழை, வரப்பில் அவரை என்று வைத்ததெல்லாம் வந்தது. அக்காவின் பிள்ளைகளான என் மருமகன்கள் இருவரும் அந்த மண்ணில் உழைத்துத் தலையெடுத்தார்கள். அடுப்புப் போடவும் சுவர் பூசவும் ஊர்ப் பெண்கள் கூடையோடு வருவார்கள். பள்ளத்துச் சரிவில் எடுத்துக்கொள்ளச் சொல்லுவார், மேட்டில் மட்டும் ஒரு கை அள்ள விடமாட்டார். நான் போகும்போதெல்லாம் நாலு பேர் நடுவில், "தம்பி, இந்த வருஷம் நெல்லு எப்பப் போடலாம்?" என்று முகத்தை மாற்றாமல் கேட்பார். கடையில் வாங்கிய அரிசியைத்தான் எனக்குப் பொங்கிப் போடுவார். அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவேன்.

கடைசியில் பத்து நாள் காய்ச்சலில் படுத்தார். மைசூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நான் வண்டியோடு வந்தேன். மல்பெரி கண்ணில் படும்படி கட்டிலை வாசலில் போட்டால் போதும் என்றார். வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகல் பாராமல் கஞ்சி வைத்துக் கொடுத்த சித்தம்மாவுக்கும், செய்தி கேட்டுக் கௌதள்ளியிலிருந்து வண்டி கட்டி வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா கேட்டுக்கொண்டபடி மேட்டின் ஓரத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லோரும் குழியைச் சுற்றி நின்றபோது மாமா மட்டும் குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். கையை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்தினார். "ஈரமாத்தான் இருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூடி முடித்ததும் மண் மிஞ்சியது. ஒருவர் அதைப் பள்ளத்தில் தள்ளப் போனார்.

"அவ ஒரு கை வீணாக்க மாட்டா. மஞ்சப் பாத்திக்குப் போடுங்க," என்றார் மாமா.

கூடை கூடையாகச் சுமந்து போய்ப் பாத்தியில் கொட்டினோம். முதல் கூடையை நான் எடுத்தேன். அன்று தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் கொடுக்கும் மஞ்சள் கிழங்கு அந்தப் பாத்தியில் விளைந்தது.