மூக்கில் ஏறிய போன்

அக்காவைப் பெண் பார்க்க ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையின் தாயும், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மாமாவும் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா, அக்கா, நான். மாப்பிள்ளை வரவில்லை, அவருக்கு லண்டனில் வேலையாம்.

அந்த மாமா தடித்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. கண்ணில் ஒப்பரேசன் செய்தவராக்கும் என்று இரங்கிய அம்மா, வெளிச்சம் கூசாதிருக்க யன்னலில் ஒரு சீலையைத் தொங்கவிட்டார். அக்கா தேத்தண்ணியோடு வந்தாள்.

"அந்தச் சீலையை எடுங்கோ. பெடியனுக்கு முகம் வடிவாத் தெரியேல்லையாம்," என்றார் மாமா.

"எந்தப் பெடியனுக்கு?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்குத்தான். கண்ணாடிக்குள்ள கமரா இருக்கு, அவர் அங்க பாத்துக்கொண்டிருக்கிறார். இனி ஒருத்தரும் கையில போன் காவித் திரிய மாட்டினம், எல்லாம் மூக்கிலதான். இந்த வீட்டில முதல் படிச்ச ஆள் நீர் எண்டு சொன்னவை, இது தெரியாதே?"

"படிச்சபடியாத்தான் கேக்கிறன். ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் பிள்ளை நடிக்குமெல்லே!"

போனைத் தூக்கிப் பிடித்தால் படம் எடுப்பது எவருக்கும் தெரியும். அந்த மரியாதைகூட இந்தச் சாமானுக்கு இல்லை.

அக்கா தட்டை மேசையில் வைத்தாள். அவர் முகத்திலிருந்து கண்ணாடியை உருவினாள்.

"மாப்பிள்ளையும் வந்திருக்கிறார் எண்டால், அவருக்கும் தேத்தண்ணி குடுக்க வேணுமே," என்று அதைக் கோப்பைக்குள் போட்டாள்.

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. கண்ணாடிக்குக் காசு கேட்டு மறுநாளே ஆள் வந்தது.

"காசை அவையின்ர முகத்தில எறிஞ்சுபோட்டு வா," என்றார் அப்பா.

அப்பா புது மீன்பிடி வலைக்கென்று வைத்திருந்த ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.