ராகு காலத்தில் யாரும் வரவில்லை

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய புடவைக் கரையால் கட்டிய ஒரு கட்டு இருக்கிறது. எல்லாம் நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் தேதி, அதன் கீழே திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கத்தில் நீல மையில், சாய்ந்த அவசர எழுத்தில் வரிசை எண்களும் மணியும் நிமிடமும். எழுதியவர், மயிலாப்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தர்ம ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. அந்த எழுத்தை என்னளவுக்கு வேறு யாராலும் படிக்க முடியாது. அது சொன்னதை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்கு என்னுடைய அழகான கையெழுத்தும் ஒரு காரணம். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

நான் பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் கடை வைத்திருந்தாள், அப்பா கடலுக்குப் போனார், இருவரும் கட்டைவிரல் வைப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பேனா பிடித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் பி.யூ.சி. முடித்ததும் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. வாசலுக்கு உள்ளே இடதுபுறம் என் மேசை. மேசைக்கு மேலே சுவர்க் கடிகாரம், அதற்குக் கீழே தினசரி நாள்காட்டி. என் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. பார்க்க வருகிறவர்கள் "அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்பார்கள். அதைக் கேட்கவே இன்னும் கவனமாக எழுதுவேன்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளை எலியும் என்று நினைத்திருந்த காலம் அது. டாக்டரம்மா ஆராய்ச்சி செய்தது ஒரு பெஞ்சை. என் மேசைக்கும் டூட்டி டாக்டர் அறைக்கும் நடுவில் கிடந்த நீள மர பெஞ்சு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு என்று எது வந்தாலும் முதலில் என்னிடம் பெயர் எழுத வேண்டும். பிறகு பெஞ்சில் உட்கார வேண்டும். சீட்டு உள்ளே போய்த் தன் முறை வந்தால்தான் ஒரு கை நோயாளியைத் தொடும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் போகிறார்கள், வியாதியால் அல்ல என்பது டாக்டரம்மாவின் கட்சி. வாசலை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. அதைக் காலிசெய்து நாலு கட்டில், ஆக்சிஜன், ஏற்றுவதற்குத் தயாராக டிரிப், எப்போதும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். வருகிறவரை நேரே அங்கே கொண்டுபோக வேண்டும், பெயரெல்லாம் பிறகு. "முதல்ல கை, அப்புறம் பேனா" என்று எங்கே போனாலும் சொல்லுவார். நிர்வாகக் குழு, ஆதாரம் கொண்டுவரச் சொன்னது. வெறும் பேச்சுக்கு அறை தர முடியாதாம்.

அப்படித்தான் தாள்கள் தொடங்கின. வார்டு வேலைக்கு நடுவே ஓடி வந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எந்த நோயாளியை எத்தனை மணிக்கு முதன்முதலாக ஒரு டாக்டர் தொட்டார் என்று குறித்துக்கொள்வார். நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. காலையில் வந்ததும் என் தலைக்கு மேலே இருக்கும் நாள்காட்டியில் அன்றைய தாளைச் சரேலென்று கிழித்து மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். "இன்னிக்கு நடக்கறதை இன்னிக்குத் தாள்ல எழுதிண்டாத்தான் எனக்குக் குழப்பமில்லை" என்பது அவர் விளக்கம். எங்கள் பெரிய கிளார்க்குக்கு இது பொறுக்காது. "காலைலயே இன்னைக்கு தேதிய கிழிச்சிகினு போய்ட்றாங்க. நாம மட்டும் நாளைக்குல குந்திகினு கீறோம்" என்று முணுமுணுப்பார். மாலையில் அந்தத் தாள் என் மேசைக்கு வரும். அதிலிருக்கும் தொட்ட நேரத்தையும், என் பதிவேட்டில் இருக்கும் வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடைவெளியைக் கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நன்றாக நாலு வார்த்தை பேசியதும் இல்லை. தாளை வைப்பார், போய்விடுவார். அவர் நம்பியது என் பதிவேட்டை.

அந்தப் பதிவேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்பிருந்தே இருந்தது. ராகு காலத்தில் சேர்த்ததாக எழுதினால் ஆள் வீடு திரும்ப மாட்டார் என்று கூட வருகிறவர்களுக்குப் பயம். "கொஞ்சம் தள்ளி எழுதுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெயர், ஊர், வயது, உபாதை எல்லாம் எழுதிச் சீட்டை உள்ளே அனுப்பிவிட்டு, பதிவேட்டில் நேரக் கட்டத்தை மட்டும் காலியாக விடுவோம். ராகு காலம் முடிந்து ஓரிரு நிமிடம் கழித்து வந்ததாக நிரப்புவோம். "நம்ம பேனாவுல இன்னா நஷ்டம், எழுதிட்டுப் போ" என்று பெரிய கிளார்க் முதல் வாரமே சொன்னார். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. படித்தவள் என்பதால் இல்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். ஆனால் கட்டைவிரல் வைக்கிற ஒரு அம்மாள் "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று சொல்லும்போது, ஒரு மனிதரை ராகு காலத்திலிருந்து என் பேனா வெளியே எடுத்துவிடுகிறது என்று உள்ளே ஒரு குளிர்ச்சி. நாளடைவில் யாரும் கேட்காமலேயே கட்டத்தைக் காலியாக விட ஆரம்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு தையல்காரரை அவர் மகள் ரிக்‌ஷாவில் அழைத்து வந்தாள். உருது பேசும் குடும்பம். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அவர் கழுத்தில் இஞ்சு டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தவில்லை, அழவில்லை. வேர்த்துக் கொட்ட, மரியாதையாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னது நான். கடிகாரத்தில் அப்போது மணி பதினொன்று. பெஞ்சைத் தாண்டிப் போன டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்து நின்று, நாடியைப் பிடித்து, ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தபோது பதினொன்று ஐம்பது. சாயங்காலத்துக்குள் அவர் போய்விட்டார். "அரை மணி முன்னாடி என் கையில கிடைச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்று டாக்டரம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார். தாளை மேசையில் வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

மறுவாரம் மகள் சான்றிதழுக்காக வந்தாள். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டேன். அவள் வரியைப் படித்தாள்.

"பன்னெண்டு ரெண்டுன்னு போட்டிருக்கீங்களே அக்கா. நாங்க பதினோரு மணிக்கே வந்துட்டோம். நீங்கதானே உக்காரச் சொன்னீங்க."

பெரிய கிளார்க் குறுக்கே புகுந்தார். "உங்க நல்லதுக்குத்தாம்மா. அப்போ ராகு காலம்."

"எங்களுக்கு ராகு காலம் இல்லையே" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை பழைய பக்கங்களைப் புரட்டினேன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை யாரும் வரவில்லை. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும், பஸ்ஸிலிருந்து இறங்கியது போலக் கூட்டமாக வந்திருந்தார்கள். தொட்ட நேரத்துக்குப் பிறகு வந்தவர்களும் சிலர் உண்டு. அவற்றைக் கடிகாரக் கோளாறு என்று சொல்லி முன்பே கணக்கிலிருந்து எடுத்திருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அச்சடித்த மாதிரி என்று பெயர் வாங்கிய பதிவேடு பொய் என்று ஆகும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நேரத்தைத் தள்ளிப் பழகிய கைதானே.

குழுக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை வைத்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு. பதினோரு மணிக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இல்லை. பதிவேடுகளைச் சுமந்துகொண்டு நான் சுவரோரம் நின்றேன். டாக்டரம்மா என் பட்டியலைக் காட்டிப் பேசினார். முடிவில், பட்டியலில் இல்லாத தையல்காரரைப் பற்றித் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். குழுவில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார், தி.நகர்க்காரர். அவர் பதிவேட்டை வாங்கி விரலை ஓட்டினார்.

"டாக்டர், உங்க தையல்காரர் பன்னிரண்டு ரெண்டுக்கு வந்திருக்கார். நீங்க பதினொன்று ஐம்பதுக்கே தொட்டுட்டீங்க. வர்றதுக்கு முன்னாடியே வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு இன்னொரு ரூம் எதுக்குங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேலும் புரட்டினார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல பன்னெண்டு வரைக்கும் மெட்ராஸ்ல ஒருத்தருக்கும் நெஞ்சு வலிக்கிறதில்லை போலிருக்கு." மறுபடியும் சிரிப்பு. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உடனே வேகமாகப் பேச ஆரம்பித்தார். நேரம் பின்னால் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்றால், காத்திருப்பு இந்தப் பட்டியலில் குறைந்துதான் தெரிகிறது. உண்மை இதைவிட மோசம். அதனால் அறை இன்னும் அவசரம் என்றார். அவ்வளவு எளிய கணக்கு. கணக்கிலேயே வாழ்ந்த எஞ்சினியருக்கு அது புரியவில்லையா, புரிந்துகொள்ள மனமில்லையா, தெரியவில்லை. "தப்பான கணக்கை வெச்சு சரியான முடிவு எடுக்க முடியாதும்மா. இன்னொரு வருஷம் ஒழுங்கா எழுதிக்கொண்டு வாங்க" என்று மூடிவிட்டார். காபி வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் எழுத்து அழகா இருந்தது. அதான் சரிபார்க்கலை" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் தாளைக் கிழித்தார். இந்த முறை வந்த நேரத்தை வந்தபடியே பதிவேட்டில் குறிக்கச் சொல்லி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார். ஒரு வருஷத்துக்கும் மேல் நான் கட்டம் காலியாக விடாமல் எழுதினேன். ராகு காலத்தில் வந்தவர்களை ராகு காலத்திலேயே எழுதினேன். பலர் சபித்தார்கள். புதிய பட்டியல் தயாரானபோது குழுவில் ஆட்கள் மாறியிருந்தார்கள். இது பழைய விஷயம், அப்போதே பேசி முடித்தாயிற்று என்றார்கள். டாக்டரம்மா வேலையை விட்டு வெளியூர் போனார். போகும்போது தாள்கட்டை என் மேசையில் வைத்தார். கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். வாசல் அறையில் இப்போது பழைய பதிவேடுகளை அடுக்கியிருப்பதாகக் கேள்வி. என்னுடைய இரண்டு வகைப் பதிவேடுகளும் அங்கேதான், பொய்யும் மெய்யும் ஒரே தூசியில்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது; நான் இப்போது அடையாறில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கடையில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் போட்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே போல மேசை, அதே போலப் பெஞ்சு. மேசையில் ஓர் இளம்பெண், எழுத்து முத்து முத்தாக. கூட வந்த என் மாமா குனிந்து அவளிடம், "யம்மா, நேரத்த கொஞ்சம் தள்ளிப் போடும்மா" என்றார். அவள் தலையாட்டி, கட்டத்தைக் காலியாக விட்டாள்.

"பதினொன்று ஐந்து. இப்பவே எழுதுங்க" என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, எழுதினாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அனுப்புங்கள் என்றேன். முறைப்படிதான் அனுப்புவார்கள் என்றாள். அவள் தலைக்கு மேலே தொங்கிய நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தேன்.

"மேடம், அது இன்னைக்கு தேதி மேடம்."

"தெரியும்" என்றேன்.

அம்மா பெஞ்சில் கண் திறந்து என்னைப் பார்த்தாள். "ஊட்லதான் எழுதிகினு கீறேன்னா, இங்கயும் வந்து இன்னாடி எழுதற" என்றாள், மூச்சு வாங்க. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாளைத் தொடைமேல் திருப்பி வைத்தேன். வந்த நேரம் என்று எழுதி, பதினொன்று ஐந்து என்று போட்டேன். அதற்குப் பக்கத்தில் தொட்ட நேரம் என்று எழுதிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள்.