பிரெபென் பொறுக்காத பத்து நிமிடம்

அடுத்த அறையில் பெயிண்ட் துப்பாக்கியின் சீறல் நின்றது. ஈரம் சொட்டும் கலப்பைச் சட்டங்கள் மேல்கம்பியில் தொங்கியபடி பிரெபெனின் அறைக்குள் நகர்ந்து வந்தன. அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பத்து நிமிடம். அதுவரை அகச்சிவப்பு விளக்குகளின் பக்கம் கை போகாது.

ஹொல்ஸ்டெப்ரோ ஊர்ப் பட்டறையில் இருபத்தாறு வருடமாக விளக்கு வெப்பத்தில் பெயிண்ட்டை இறுக வைப்பவன் அவன். புருவம் எப்போதும் கொஞ்சம் கருகியிருக்கும். சட்டத்தின் அருகே கன்னத்தைக் கொண்டுபோய், "இன்னும் ரெண்டு நிமிஷம் காயட்டும், பெயிண்ட்டோட அழுகை நிக்கல" என்பான். வெப்பமானியும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும்.

இந்தப் பத்து நிமிடக் கண்டிப்பு வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை தூண்டில் போடப் போகிற அவசரம். பெயிண்ட்டை நீர்க்க வைக்கக் கலந்த தின்னர் ஆவியாகும் முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டான். மேல்தோல் இறுகியது, உள்ளே சிக்கிய தின்னர் அதைப் பொத்துக்கொண்டு வெளியேறியது. திங்களன்று பார்த்தால் பன்னிரண்டு சிவப்புச் சட்டங்களிலும் ஊசி குத்தியதுபோல் துளைகள்.

"போடில் தின்னரை அள்ளி ஊத்திட்டா போல," என்றார் மேற்பார்வையாளர். அடுத்த அறையில் பெயிண்ட் துப்பாக்கி பிடிப்பவள் போடில்தான். பிரெபென் தலையைக் குனிந்துகொண்டான். அதையே 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. கை கழுவிவிட்டு, தட்டோடு வந்தாள் போடில். பழுப்புச் சர்க்கரை உருகி வழியும் கேக். வேலையைக் கெடுத்தவர் எல்லோருக்கும் கேக் வாங்கித் தருவது அங்கே வழக்கம்.

"பெரிய துண்டு உனக்கு. பன்னிரண்டு சட்டத்தையும் திரும்பத் தேய்ச்சே தோள் போயிருக்குமே."

"போடில்..."

"பயப்படாத, நான் சுடல. பேக்கரிலதான் வாங்கினேன்."

"நல்லா இருக்கு," என்றான். துண்டின் ஓரத்தை மட்டும் கிள்ளி வாயில் போட்டான்.

"வர்ற திங்கள்லேர்ந்து என்னைக் கழுவுற பிரிவுக்குப் போகச் சொல்லிட்டாங்க. இருபது வருஷமா தப்பாத கை. அன்னைக்கு என்ன ஆச்சுன்னே புரியல." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "என்னால உனக்கும் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காத."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் இன்னொரு விள்ளல் கேக்கை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

போடில் கிளம்பினாள். கதவு அறைந்தால் தூசி கிளம்பி அவனுடைய ஈரச் சட்டங்களில் ஒட்டிவிடும். அதனால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் சாத்திவிட்டுப் போனாள்.