எண்ணில் விழாதவர்கள்

பூஜ்யம். பக்கத்துக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவியில் போன மாதம் தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று டீம் லீடர் கூட்ட அறைத் திரையில் காட்டிய எண் அதுதான்.

"இதுக்கப்புறமும் அந்தப் பழைய படிவத்தைக் கட்டிக்கிட்டு அழணுமா அக்கா?"

அக்கா என்றது அதை எழுதியவரை. அவசரத்துக்கு ரத்தம் கேட்டுப் பதியும் தளம் அது. அலுவலகத்தில் அவருக்கு 'ஆஃப் அக்கா' என்று பெயர். யார் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் முதலில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். ஆம்புலன்ஸ் ஓட்டும் கொழுந்தனார் ஒருமுறை மருத்துவமனை பேஸ்மென்டிலிருந்து கூப்பிட்டு, "அண்ணி, உங்க பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு, எனக்குத் தலை சுத்துது!" என்று கத்தியதிலிருந்து வந்த பழக்கம். சிக்னல் போதவில்லை, பக்கம் வந்துவிட்டது, ஸ்கிரிப்ட் வரவில்லை. அதற்காகவே ஸ்கிரிப்ட் தேவைப்படாத ஒரு படிவம் எழுதினார். இப்போது உருவாகிவரும் புதிய தளத்தில் அதை எடுத்துவிட்டால் பேஸ்மென்டில் நிற்பவர் ரத்தம் கேட்க வழியில்லை.

எண்ணைப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"இதை எண்ணுனது எது தம்பி?"

"நம்ம அனலிட்டிக்ஸ்தான்."

"அது எதுல ஓடுது?"

டீம் லீடர் லேப்டாப்பில் தேடிப் பார்த்தார். அதுவும் ஜாவாஸ்கிரிப்டில்தான் ஓடியது.

"வராதவங்கல்லாம் கை தூக்குங்கன்னு வகுப்புல கேட்ட மாதிரில்ல இருக்கு!"

அறையே சிரித்தது, லீடர் உட்பட.

அன்றே அக்கா எண்ணும் வேலையை, பக்கத்தை அனுப்பும் சர்வருக்கு மாற்றினார். வாரக் கடைசியில் பூஜ்யம் காணாமல் போயிருந்தது. பெரிய கூட்டமில்லை, நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்களில் ஸ்கிரிப்டை வேண்டுமென்றே அணைத்தவர்கள் சிலர்தான். மற்றவர்களின் ஃபோன் ஸ்கிரிப்டைக் கேட்டிருக்கிறது. அது போய்ச் சேரவில்லை.

"சரி, தோத்துட்டேன்" என்றார் லீடர். "ஆனா ரெண்டு படிவத்தை யாரு பாத்துக்கறது? ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுல மறந்துடுவோம்."

நியாயமான கேள்விதான்.

"ரெண்டு எதுக்கு? ஒரே படிவம். அது தனியா வேலை செய்யட்டும். ஸ்கிரிப்ட் வந்தா மேல பவுடர் பூசிக்கட்டும்."

"அப்போ ரத்த வங்கி எங்கன்னு காட்டுற மேப்?"

"ஸ்கிரிப்ட் இல்லாம அது வராது. விடுங்க, அந்த இடத்துல ரத்த வங்கி ஃபோன் நம்பர் போட்டுடலாம்."

புதிய தளம் வியாழக்கிழமை வெளியாகிறது. அன்று காலை கொழுந்தனார் அதே பேஸ்மென்டில் வண்டியை நிறுத்தி, தன் ஃபோனில் அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்ப்பார்.