கிரேசி வீட்டு அடாப்டர்

ஜெயபாயும் மகள் பிரிஜாவும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, கருகிய ஒரு ஆர்டுயினோ போர்டில் பழுது கண்டுபிடித்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் போர்டை நம்பித்தான் ஜெயபாய் மீன் வரும் தெர்மோகோல் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டைகளை அடைவைத்திருந்தாள். சூடு குறைந்தால் பல்பை எரியவிடும், கூடினால் அணைக்கும். திருவனந்தபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பிரிஜா 2012இல் செய்து கொடுத்தது.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி மழையில், ஜெயபாய் போன் செய்தாள்.

"பல்பு எரியல்ல மக்கா. ஒரு மாதிரி வாடை அடிக்கு. நீ வா."

பிரிஜா அருமனைக்கு வந்து சேரும்போது பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில்கள் பழஞ்சேலையில் சுற்றிக் கிடந்தன. ஆறியதை எடுத்துச் சூடானதை வைத்துக்கொண்டிருந்தாள் ஜெயபாய்.

"எந்த அடாப்டரைம்மா குத்தின?"

"பழையது இடியில போச்சு. கிரேசிக்க வீட்டுல ஒண்ணு வாங்கினேன். துளையில சரியா கேறிச்சு."

அடுத்த வீட்டுக் கிரேசியின் கணவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பிரிண்டரின் அடாப்டர் அது. இருபத்துநாலு வோல்ட். போர்டுக்கு வேண்டியது ஒன்பது.

"கேறினா போதுமா? எனக்க செருப்பும்தான் ஒனக்குக் கேறும். எனக்க வேலைக்கு நீ போவியா?"

"சம்பளத்த எனக்குத் தந்தா போவேன், ஏட்டி."

ஜெயபாய் முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைத்து மகளைப் படிக்கவைத்தவள். கணவன் இறந்தபோது பிரிஜா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டு எண்ணெய் பட்டு ஜெயபாயின் விரல்நுனிகள் கறுத்துப்போயிருந்தன. யாராவது படம் எடுத்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ஆலையை மூடியபின் கோழி. சும்மா இருக்கச் சொன்னால், இருந்து என்ன செய்ய என்பாள்.

பிரிஜா வயர்களைக் கழற்றினாள். வரும் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டரின் முதுகில் ஒரு கொப்புளம். அது சாகும்போது இருபத்துநாலையும் உள்ளே விட்டிருந்தால் சிப்பும் போயிருக்கும். புதுப் போர்டு வரும்வரை முட்டை தாங்காது.

கொண்டுவந்திருந்த மீட்டரின் சிவப்புக் கம்பியை ஐந்து வோல்ட் முனையில் வைத்தாள். கறுப்பை எர்த் முனையில் ஜெயபாய் அழுத்திப் பிடித்தாள். ஷார்ட் ஆகியிருந்தால் மீட்டர் கத்தும். கத்தவில்லை.

"மிண்டல்லியே."

"மிண்டாததுதான் நல்லது."

பிறகு ரெகுலேட்டரைத் தொடாத வழியில், யூஎஸ்பி வயரால், லேப்டாப்பிலிருந்து ஐந்து வோல்ட் கொடுத்தாள். போர்டின் சின்ன விளக்கு மினுங்கியது. சிப் உயிரோடு இருந்தது. வயர்களைத் திரும்ப மாட்டியதும் பல்பின் ரிலே சுவிட்ச் 'டக்' என்றது, பல்பு எரிந்தது. லேப்டாப்புக்குப் பதிலாகச் செல்போன் சார்ஜரைக் குத்தி வைத்தாள். ஜெயபாய் பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தாள்.

கிரேசியின் அடாப்டரில் டேப் ஒட்டி, பெரிதாக 24 என்று எழுதினாள் பிரிஜா.

"இத இப்பமே குடுத்துட்டு வாம்மா."

"வெறுங்கையோடயா? குஞ்சு பொரியட்டு. ரெண்டு குஞ்சும் சேத்துக் கொண்டு குடுக்கேன்."

இரவல் வாங்கியது எதுவும் அந்த வீட்டிலிருந்து தனியாகத் திரும்பிப் போனதில்லை. கிண்ணமென்றால் அயனிச்சக்கைச் சுளை, முறமென்றால் ஒரு பிடி முருங்கைக்கீரை. பிரிஜா அடாப்டரைத் துணிப்பையில் போட்டுச் சமையலறை ஆணியில் மாட்டினாள். மாலை பஸ்ஸில் திரும்பினாள்.

அந்த வாரமே ஜெயபாய்க்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள்; பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. போர்டு அதன்பாட்டில் பல்பை எரியவிட்டும் அணைத்தும் கொண்டிருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் காலை முட்டைகளின் ஓடு விரிந்தது.

கிரேசி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். அடாப்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

அது சமையலறை ஆணியில், துணிப்பையில் தொங்குகிறது. கழுவிய தூக்குச்சட்டி அதற்குக் கீழே இருக்கிறது. குஞ்சுகள் கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமாக ஓடுகின்றன. அம்மா எந்த இரண்டை எடுத்திருப்பாள் என்று பிரிஜாவுக்குத் தெரியவில்லை.