மடங்கிய முழங்கையும் சிவம் அண்ணையும்

பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவனுக்கு ஸ்டார்ட்டிங் பிட்சர் என்று பெரிய பெயர் இருந்தாலும், வேலை என்னவோ ஒரே மண்மேட்டில் நின்று நூறு தடவை எறிவதுதான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், வாரநாட்களில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிவிட்டு, ஞாயிறுகளில் லண்டன் கழகமொன்றுக்கு எறிந்தேன். திங்கட்கிழமை கையைத் தூக்க முடியாமல் ஷிப்டுக்குப் போன அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

தடை

அதற்கு முன் ஹவுன்ஸ்லோவில் நம்மவர்களின் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசினேன். நடுவர் சிவம் அண்ணை, பலசரக்குக் கடைக்காரர். ஒரே ஓவரில் ஐந்து நோ-போல் கொடுத்தார். முழங்கை மடங்குகிறதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"தம்பி, நீர் பந்து போடேல்லை, கல்லெறியிறீர். இதுக்கு வேற விளையாட்டுத்தான் பாக்கவேணும்."

முதல் பந்து

பார்த்தேன். நாங்கள் கிரிக்கெட் ஆடிய பூங்காவின் மறுகோடியில் பேஸ்போல் ஆடினார்கள். எல்லோர் முழங்கையும் தாராளமாக மடங்கியது! அங்கே பந்து பிடிப்பவன் குமரன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து கணக்காளராகத் தங்கிவிட்டவன். பழக்கதோஷத்தில் முதல் பந்தைத் தரையில் குத்தினேன். அது எகிறி அவன் முகமூடியில் மோதியது. கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டான்:

"அண்ணே, நான் இங்கதான உட்கார்ந்திருக்கேன், பந்தை ஏன் பூமிக்குக் கொடுக்கிறீங்க?"

நீட்டிய கை

எங்கள் பயிற்சியாளர் கனடாக்காரர். ஒன்பது சுற்று ஆட்டத்தின் ஐந்தாம் சுற்றில் மேட்டுக்கு வந்து கையை நீட்டினார். கிரிக்கெட்டைப்போல கொஞ்சம் ஓய்வு, பிறகு இன்னொரு ஸ்பெல் என்று சந்தோஷமாகப் பந்தைக் கொடுத்தேன். ஓரத்தில் தோளைச் சுழற்றியபடி காத்திருந்தேன். ஆட்டமே முடிந்துவிட்டது. குமரன்தான் விளக்கினான்:

"அண்ணே, இங்க வெளிய போனா போனதுதான். திரும்ப வர முடியாது."

அன்று பிடித்த ஆசை: ஒரேயொரு ஆட்டத்தையாவது கடைசிவரை நானே எறிந்து முடிக்க வேண்டும்.

மௌனம்

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு. சிவம் அண்ணையையும் அழைத்திருந்தேன். என் முழங்கை சட்டப்படி மடங்குவதை அவர் பார்க்க வேண்டாமா! ஆறாம் சுற்றிலிருந்து என் அணியில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழும்பிப் போனார்கள். குமரன்கூட முகம் பார்க்கவில்லை. வியர்வை நாற்றமோ என்று முகர்ந்தும் பார்த்தேன். ஒன்பதாம் சுற்றில், இன்னும் இரண்டே பேரை வெளியேற்றினால் போதும் என்றபோது வேலியோரம் சிவம் அண்ணையின் குரல் கேட்டது: "தம்பி, இவ்வளவு நேரமா ஒருத்தனும் உம்மட பந்தை அடிக்கேல்லை, தெரியுமோ?" எங்கள் வாங்கு முழுவதும் தலையில் கைவைத்தது. ஒரு அடிகூட வாங்காமல் ஆட்டத்தை முடிப்பது பேஸ்போலில் அபூர்வம்; அதை நடுவில் வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குத்தான் அந்த மௌனம். அடுத்த பந்து மரங்களுக்கு மேலால் பறந்தது.

பயிற்சியாளர் மேட்டை நோக்கி நடந்து வந்தார். புதுப் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். என் முகத்தைப் பார்த்தவர் கையை நீட்டாமலே திரும்பிப் போனார். மிச்ச இரண்டு பேரையும் நானே வெளியேற்றினேன், இரண்டு ஓட்டத்தால் வென்றோம். வாசலில் சிவம் அண்ணை தலைகுனிந்து நின்றார்:

"அண்டைக்கும் நான்தான் உம்மைக் கெடுத்தன், இண்டைக்கும் நான்தான். அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு வர?"

தோள்வலிக்கு ஐஸ்கட்டி உண்டு என்பதை இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டேன், சிவம் அண்ணையின் வாய்க்குத்தான் இன்னும் பூட்டுக் கிடைக்கவில்லை.