நெல்லியடி – குருநகர்: மாற்றம் வாங்கப் போன பயணம்

கோயிலும் கடற்கரையும் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். சுகாதாரப் பகுதியில் வேலை செய்துகொண்டு சொந்த ஊருக்கு மாற்றம் கேட்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடந்த வெள்ளிக்கிழமை நானும் மனைவி தர்சினியும் அதற்காகத்தான் யாழ்ப்பாணம் போனோம்.

தர்சினி குடும்பநல உத்தியோகத்தர். யாழ்ப்பாண நகரின் கடலோரக் குருநகரில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. நியமனம் ஒரு பிரிவுக்கு. ஆளில்லாததால் பார்ப்பது மூன்று பிரிவு. நாங்கள் இருப்பதோ நெல்லியடியில். இவள் வெளிக்கிடும்போதும் எங்கள் இரண்டு வயது மகள் நித்திரை, திரும்பி வரும்போதும் நித்திரை. மாற்றம் கேட்டால், பதிலுக்கு ஆள் வந்தால் விடுவோம் என்பார்கள்.

அந்த ஆளையும் இவளே தயார்செய்தாள். குருநகரில் பிறந்த ஜெனிற்றா பயிற்சிக்கு வந்தபோது ஆறு மாதம் கூடவே கூட்டித் திரிந்தாள். மீன் விற்கப் போகும் தாய்மாரை எந்த நேரம் வீட்டில் பிடிக்கலாம், நிறை குறைந்த பிள்ளையின் தாயோடு எப்படிக் கதைப்பது, எல்லாம் பழக்கினாள். வெள்ளிக்கிழமை ஜெனிற்றாவுக்கு நியமனம்; குருநகருக்கே போடுவார்கள் என்று நம்பித்தான் வெளிக்கிட்டோம்.

காலை 6.40 பஸ். ஆளுக்கு 130 ரூபா, 27 கிலோமீற்றர். நீர்வேலி வரை நின்றுதான் போனோம். பஸ் நிலையத்திலிருந்து சுகாதார அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, ஓட்டோ 300 ரூபா. ஓட்டோக்காரருக்கு இவளைத் தெரியும். மிஸ் போனால் எங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று குறைப்பட்டார். ஜெனிற்றா இருக்கிறாள்தானே அண்ணை என்று இவள் சிரித்தாள்.

கந்தோருக்குப் பொறுப்பான டொக்டர் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நல்ல மனிதர், அதனால் கோபிக்கவும் வழியில்லை.

“உம்மைப்போலப் பழக்கிவிட எங்களிட்டை வேறை ஆள் இல்லை, தர்சினி. திங்கக்கிழமை பயிற்சிக்கு அடுத்த செற் வருகுது. உம்மை எப்பிடி விடுறது?”

ஜெனிற்றா எங்கே என்று கேட்டேன். நெல்லியடியில் ஒரு பிரிவு கனகாலம் வெறுமையாகக் கிடக்கிறது, அங்கே போட்டிருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருநகர்ப் பிள்ளை நெல்லியடிக்கு, நெல்லியடிக்காரி குருநகருக்கு! ஆளை மாற்றிப் போட்டால் என்ன என்றேன். மேலிடத்து முடிவாம், அவர் கையில் ஒன்றும் இல்லையாம்.

வெளியே ஜெனிற்றா அழுதுகொண்டு நின்றாள். “அக்கா, நெல்லியடிக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?” என்று கேட்டாள். தர்சினி பஸ் நேரம், இறங்கும் இடம் எல்லாம் சொன்னாள். பிறகு, “முதல் எங்கடை வீட்டை போ. மகளின்ரை நிறையை ஒருத்தரும் பாக்கேல்லை” என்றாள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கந்தோருக்கு ஒன்பது மணிக்கு முன் போங்கள், சனம் குறைவு. மாற்றம் உண்மையாகவே வேண்டுமென்றால், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுங்கள். தர்சினிக்கு அது வராது. திங்கட்கிழமை அவள் குருநகரில் யாருடைய பிள்ளையையோ தராசில் வைத்துப் புதியவர்களுக்குக் காட்டுவாள். எங்கள் மகளை ஜெனிற்றா நிறுப்பாள்.